சிறைக்கோட்டமும் அடைக்கல இல்லமும்: சென்னை மாகாணத்தில் குழந்தைக் காப்பு – அவ்வை இல்லத்தை முன்வைத்து (1920–1950)

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் ஆதரவற்ற குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டமும், 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லமும் இதற்கு மையமாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வை இல்லம் பெரும்பாலும் தேவதாசி முறை ஒழிப்பு வரலாற்றின் பின்னிணைப்பாகவே பேசப்படுகிறது. அதனைக் குழந்தைநல நிறுவனங்களின் வரலாற்றில் வைத்து நோக்கினால், அடைக்கலத்தைக் குற்றத்திலிருந்தும் மதத்திலிருந்தும் சாதியிலிருந்தும் பிரித்தெடுத்த ஒரு முயற்சியாக அது புலப்படுகிறது. அதேவேளையில், குழந்தையை ஏற்ற இல்லம் அக்குழந்தையின் தாயை எங்கு நிறுத்தியது என்னும் வினா அன்று முழுமையாக விடைபெறவில்லை என்பதையும் கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைக் காப்பு, அவ்வை இல்லம், முத்துலட்சுமி ரெட்டி, சென்னைக் குழந்தைகள் சட்டம், தேவதாசி முறை, தன்னார்வ அமைப்புகள்

1. முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தில், கணிகையர் குலத்தில் பிறந்த ஓர் இளம்பெண் தன் பாட்டி சித்திராபதி வகுத்த வாழ்வை மறுக்கிறாள். பசித்தோர்க்கு உணவளிக்கும் பணியை மேற்கொள்கிறாள். பின்னர் மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். ஆதரவற்றோரை அடைத்து வைக்கும் இடமும் அவர்களை ஏற்றுப் பேணும் இடமும் ஒரே கட்டடமாக இருக்கக்கூடும் என்பதையும், அக்கட்டடத்தை மாற்றுவது அதனுள் இருப்போரைக் காணும் பார்வையைப் பொறுத்தது என்பதையும் இக்கதை உணர்த்துகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணம் இதே சிக்கலை எதிர்கொண்டது. பெற்றோரை இழந்த குழந்தை, வீட்டைவிட்டு ஓடிவந்த குழந்தை, தெருவில் இரந்துண்ட குழந்தை, சிறு திருட்டில் பிடிபட்ட குழந்தை ஆகிய அனைவரையும் அரசு ஏறத்தாழ ஒரே கண்கொண்டு பார்த்தது. அவர்களை வேறு கண்ணால் பார்க்கும் முயற்சி அரசுக்கு வெளியே, தன்னார்வ அமைப்புகளிடமிருந்தே வலுப்பெற்றது. அவ்வமைப்புகளுள் ஒன்றான அவ்வை இல்லத்தின் தோற்றச் சூழலை இக்கட்டுரை மூன்று வினாக்களின் வழியே அணுகுகிறது. ஒரு குழந்தை அடைக்கலம் பெற அக்காலத்தில் எந்தெந்த வாயில்கள் இருந்தன? அவ்வாயில்களில் நுழைய இயலாத குழந்தை யார்? புதிதாகத் திறந்த வாயில் யாரை உள்ளே அழைத்து, யாரை வெளியே நிறுத்தியது?

‘தேவதாசி’ என்னும் சொல் இக்கட்டுரையில் அக்காலச் சட்டங்களும் விவாதங்களும் ஆண்ட பொருளிலேயே பயன்படுத்தப்படுகிறது.

2. 1920க்கு முன்: சட்டமும் சமயமும்

ஆதரவற்ற குழந்தைகள் குறித்துக் குடியேற்ற அரசு இயற்றிய தொடக்ககாலச் சட்டங்களுள் ஒன்று 1850ஆம் ஆண்டின் தொழில்பயிலுநர் சட்டமாகும். பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஏழைக் குழந்தைகளை ஒரு தொழிலில் பயிற்சிக்கு ஒப்படைக்க இச்சட்டம் வழிவகுத்தது. தாய்தந்தையற்ற குழந்தை, பெற்றோரால் கைவிடப்பட்ட ஏழைக் குழந்தை, அலைந்து திரிந்தமைக்காகவோ சிறு குற்றத்திற்காகவோ தண்டனை பெற்ற குழந்தை ஆகியோரின் பாதுகாவலராக நடுவரே செயல்படலாம் என்றும் அது கூறியது. ஆதரவின்மையும் குற்றமும் ஒரே விதியின்கீழ் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை கருதத்தக்கது.

1876இலும் பின்னர் 1897இலும் இயற்றப்பட்ட சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் தண்டனை பெற்ற சிறுவரைச் சிறைக்கு மாற்றாகப் பள்ளிக்கு அனுப்ப வகைசெய்தன. செங்கல்பட்டில் இயங்கிய சீர்திருத்தப் பள்ளி இவ்வகையைச் சார்ந்தது. எனினும், 1897ஆம் ஆண்டுச் சட்டம் ‘இளங்குற்றவாளி’ என்பதற்குத் தந்த வரையறை பதினைந்து வயதுக்குட்பட்ட ஆண்குழந்தையை மட்டுமே குறித்தது. சிறுமியர் அச்சட்டத்தின் கண்ணில் படவேயில்லை.

சட்டம் விட்ட இடத்தைச் சமய நிறுவனங்கள் நிரப்பின. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தென்னிந்தியாவில் எண்ணற்ற குழந்தைகளை அனாதைகளாக்கியது. கிறித்தவ மறைப்பணியாளர்கள் நடத்திய அனாதை இல்லங்கள் அக்காலத்தில் பெருகின. பின்னர், திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், கோயில் பணிக்கு விடப்படவிருந்த சிறுமியர்க்கு 1901 முதல் அடைக்கலம் அளிக்கத் தொடங்கினார். டோனாவூரில் நிலைபெற்ற அவ்வில்லம் சிறுமியரைக் காக்கும் நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்க முன்னோடியாகும்.

இவ்வில்லங்கள் செய்த பணியின் மதிப்பு பெரிது. ஆனால் அவற்றின் வாயிலில் நுழைவது மதம் மாறுவதற்கு ஒப்பாகச் சமூகத்தால் கருதப்பட்டது. இதனால் இந்துக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமிக்கு, அடைக்கலம் என்பது தன் உறவினர் உலகிலிருந்து முற்றிலும் அறுபடுவதாகவும் அமைந்தது. இந்து சமயச் சீர்திருத்தவாதிகள் தனி இல்லங்கள் அமைக்க முனைந்ததற்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகும்.

3. சென்னைக் குழந்தைகள் சட்டம் (1920)

இங்கிலாந்தில் 1908இல் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டத்தின் தாக்கத்தில் உருவான சென்னைக் குழந்தைகள் சட்டம் 1920இல் நிறைவேறியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது சென்னையே. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதனைப் பின்தொடர்ந்தன. இதே காலத்தில், சென்னை ஆளுநரின் நிர்வாக அவையில் பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டியூவின் தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக் குழு (1919–20), குழந்தைகளைச் சிறைக்கு அனுப்புவதன் தீமையை வலியுறுத்தியது. ஆகவே இச்சட்டம் சிறைச் சீர்திருத்தச் சிந்தனையின் விளைவாகவே பிறந்தது எனலாம்.

பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் குழந்தை எனச் சட்டம் வரையறுத்தது. குழந்தைகளின் வழக்குகளைத் தனியே விசாரிக்கவும், அவர்களைச் சான்றளிக்கப்பட்ட பள்ளிகளுக்கோ உறவினரிடமோ தகுதியுடைய பிறரிடமோ ஒப்படைக்கவும் வழி பிறந்தது. குற்றம் செய்த குழந்தையுடன், குற்றம் எதுவும் செய்யாத, ஆனால் பாதுகாப்பற்ற சூழலில் வாழும் குழந்தையும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. வீடற்ற குழந்தை, பெற்றோர் சிறையிலிருக்கும் குழந்தை, பாலியல் தொழில் நடைபெறும் இடத்தில் வாழும் குழந்தை முதலியோரையும் நீதிமன்றத்தின்முன் நிறுத்த முடிந்தது.

சிறுமியரும் இதன் வழியாகச் சட்டத்தின் பார்வைக்குள் வந்தனர் என்பது இச்சட்டத்தின் சிறப்பு. அதன் குறையும் இங்கேயே உள்ளது. காப்பு தேவைப்படும் குழந்தையும் குற்றம் சாட்டப்பட்ட குழந்தையும் ஒரே நீதிமன்றப் படியை ஏற வேண்டியிருந்தது. மேலும், குழந்தையை ஏற்கும் இடங்களைச் சட்டம் தானே கட்டித் தரவில்லை. நீதிமன்ற ஆணை ஒரு குழந்தையை ஆபத்தான இடத்திலிருந்து அகற்றலாம். அகற்றிய பிறகு அது உண்ணவும் உறங்கவும் படிக்கவும் ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தைப் பெருமளவு தனியார் அறமே வழங்க வேண்டியிருந்தது.

4. விடுதிகளும் சாதியும்

மத அடிப்படையிலான இல்லங்களுக்கும் நீதிமன்ற வழிக்கும் அப்பால், கல்வியை முன்னிறுத்திய விடுதிகள் மூன்றாம் வாயிலாக இருந்தன. சகோதரி சுப்புலட்சுமி இத்துறையின் முன்னோடி. குழந்தைப் பருவத்திலேயே விதவையான அவர், 1912இல் சென்னையில் இளம் விதவையர்க்கான இல்லத்தைத் தொடங்கினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பின்னர் அது இயங்கியது. விதவைச் சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பி, ஆசிரியப் பயிற்சி தந்து, சொந்த வருவாயில் வாழச் செய்தல் என்னும் முறையை அவ்வில்லம் நிலைநாட்டியது. 1922இல் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் சுப்புலட்சுமி பொறுப்பேற்றார்.

அடைக்கலம், கல்வி, தொழில் என்னும் மூன்றையும் ஒரே சங்கிலியாக இணைத்த இம்முறை பின்வந்த இல்லங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரியானது. ஆயினும் அவ்விடுதி பிராமண விதவைகளுக்கென அமைந்தது. தம் மகளை வெளியே அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் இசைவைப் பெற, உணவிலும் ஆசாரத்திலும் அவர்களது வழக்கத்தைப் பேணுவது அன்று தேவையாக இருந்தது. பிராமணரல்லாத மாணவியர்க்குத் தனி விடுதிகள் எழுந்தன. இவ்வாறு அடைக்கலம் சாதியின் வழியே பங்கிடப்பட்டது.

இப்பங்கீட்டில் இடமே பெறாதவர்கள் தேவதாசிக் குடும்பங்களின் சிறுமியர். அவர்கள் விதவையர் அல்லர், அனாதைகளும் அல்லர், தாயும் பாட்டியும் உள்ளவர்கள், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனால் ‘நல்ல குடும்பத்துப் பெண்கள்’ தங்கும் விடுதி அவர்களைச் சேர்த்துக்கொள்ள அஞ்சியது. மதம் மாற விரும்பாத, நீதிமன்றத்தில் நிற்க நேராத, சாதி விடுதியில் ஏற்கப்படாத இச்சிறுமிக்கு 1930 வரை சென்னை நகரில் பொருத்தமான வாயில் ஒன்றில்லை. அவ்வை இல்லத்தின் வரலாற்றுத் தேவை இங்கிருந்தே தோன்றுகிறது.

5. சட்டமன்றத்திலிருந்து இல்லத்திற்கு

முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியில் பணியாற்றிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பப் பின்னணி உடையவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்துடன் இணைந்து பணியாற்றினார். 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, பின்னர் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

1927 நவம்பரில், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதற்கு முன்பே சட்டத்தில் சில கூறுகள் இருந்தன. பாலியல் தொழிலுக்காகச் சிறாரை விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளில் வயது வரம்பு 1924இல் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் முத்துலட்சுமியின் முயற்சியால் செய்யப்பட்ட திருத்தம், கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிகள் அனுபவித்த இனாம் நிலங்களை அப்பணிக் கடமையிலிருந்து விடுவித்தது. நிலம் அவர்களிடமே நிற்கும். பணி செய்ய வேண்டிய கட்டாயம் நீங்கும் என்பது இதன் நோக்கம். பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடைசெய்யும் சென்னைச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

இச்சட்டங்களின் இடைவெளியைக் குழந்தையின் நிலையிலிருந்து நோக்க வேண்டும். 1929ஆம் ஆண்டுத் திருத்தம் நிலம் உடைய பெண்ணுக்கு ஒரு பிழைப்பை உறுதிசெய்தது. நிலமற்ற குடும்பத்தின் சிறுமிக்கு அது எதையும் தரவில்லை. 1930இல் இயற்றப்பட்ட ஒழுக்கக்கேடான வணிகத் தடைச் சட்டம் விடுதிகளிலிருந்து மீட்கப்படும் பெண்களைக் கருத்தில் கொண்டது. அங்கும் காவல்துறையும் நீதிமன்றமுமே வழியாக அமைந்தன. தானே முடிவெடுத்து வீட்டைவிட்டு வெளியேறிய சிறுமியை எச்சட்டமும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

அத்தகைய சிறுமியர் சிலர் முத்துலட்சுமியை நாடி வந்தனர். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு உட்பட மறுத்து வந்த அவர்களை அக்கால விடுதிகள் ஏற்க மறுத்தன. அவர்களைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்ததே அவ்வை இல்லத்தின் தொடக்கமாயிற்று. காந்தியடிகளின் கைதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டமன்றப் பொறுப்பைத் துறந்ததும் அதே 1930ஆம் ஆண்டில்தான். சட்டம் இயற்றும் அவையில் தொடங்கிய ஒரு பணி, அவை நீங்கிய ஆண்டிலேயே ஒரு வீட்டின் பணியாகத் தொடர்ந்தது. சட்டத்தால் எதை இயற்ற முடியும், எதை இயற்ற முடியாது என்பதை அறிந்த ஒருவரால் அவ்வில்லம் தொடங்கப்பட்டது என்பதே அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள உதவும் திறவுகோல் ஆகும்.

6. பெயரும் நடைமுறையும்

‘மீட்பு இல்லம்’, ‘அனாதை விடுதி’ என்னும் பெயர்கள் அன்று வழக்கில் இருந்தன. அவை உள்ளே வாழ்வோரின் இழப்பையோ இழுக்கையோ அறிவிக்கும் பெயர்கள். அவ்வை என்னும் சொல் தாயையும் மூதாட்டியையும் குறிக்கும். ஔவையார் தமிழ்க் குழந்தையின் முதற்பாடமாக விளங்கும் ஆத்திசூடியுடன் இணைத்து எண்ணப்படுபவர். மணவாழ்வைச் சாராமல் கல்வியாலேயே மதிப்புப் பெற்ற பெண்ணாகத் தமிழ் மரபில் நிலைபெற்றவர். பிறப்பைக் காரணம் காட்டித் திருமணச் சந்தையிலும் விடுதியிலும் ஒதுக்கப்பட்ட சிறுமியர் வாழும் இல்லத்திற்கு இப்பெயர் பொருந்துவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. முகவரி கேட்பவரிடம் அச்சிறுமி கூசாமல் சொல்லத்தக்க பெயராகவும் அது இருந்தது.

சேர்க்கையில் சாதியும் பிறப்பும் தடையாகக் கொள்ளப்படவில்லை. தேவதாசிக் குடும்பச் சிறுமியருக்காகத் தொடங்கிய இல்லம் விரைவிலேயே பெற்றோரை இழந்த குழந்தைகள், கைவிடப்பட்ட பெண்கள், வறிய குடும்பத்துச் சிறுமியர் ஆகியோரையும் ஏற்றது. இவ்விரிவு, தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியைத் தனி வகையாக அடையாளப்படுத்தும் தேவையை நீக்கியது. ஒரே கூரையின்கீழ் பல காரணங்களால் வந்தவர்கள் வாழும்போது, எவர் எக்காரணத்தால் வந்தார் என்பது வெளியாருக்குப் புலப்படாமல் போகிறது. முன்பு விடுதிகள் கேட்ட ‘யார் வீட்டுப் பெண்?’ என்னும் கேள்விக்கு இதுவே நடைமுறை விடையாக அமைந்தது.

இல்லம் பின்னர் அடையாற்றில் பெசன்ட் அவென்யூவில் நிலைபெற்றது. அதனுடன் பள்ளியும் வளர்ந்தது. படிப்பில் முன்னேறியோர் ஆசிரியப் பயிற்சிக்கும் செவிலியர் பயிற்சிக்கும் சென்றனர். பிறர் கைத்தொழில் பயின்றனர். ஆசிரியப் பணியும் செவிலியர் பணியும் அக்காலப் பெண்ணுக்கு ஊதியத்துடன் மதிப்பையும் தங்குமிடத்தையும் தரவல்ல தொழில்கள். திருமணம் அமையாத நிலையிலும் தனித்து வாழ வழி தருவன. முத்துலட்சுமி மருத்துவர் என்பதால் இவ்விரு துறைகளின் தேவையையும் அவற்றில் நுழையும் வழியையும் நேரடியாக அறிந்திருந்தார். இல்லத்தின் பள்ளி பின்னாளில் மேனிலைப் பள்ளியாக வளர்ந்து, சுற்றுவட்டாரத்து எளிய குடும்பங்களின் பெண்குழந்தைகளுக்கும் கல்வி அளித்து வருகிறது.

7. தாய்வீடு என்னும் சிக்கல்

அவ்வை இல்லத்தின் வரலாற்றை மீட்பின் வரலாறாக மட்டும் எழுதுவது முழுமையாகாது. குழந்தை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

தேவதாசிக் குடும்பம் பெண்வழிக் குடும்பம். தாயே தலைவி, மகளே வாரிசு. பெண்குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. இந்துச் சட்டம் பொதுவாக ஆண்மகவைத் தத்தெடுப்பதையே ஏற்ற காலத்தில், இச்சமூகத்தின் தத்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தனித்து விவாதிக்கப்பட்டது. இசையும் நடனமும் தாயிடமிருந்தும் ஆசானிடமிருந்தும் மகளுக்குக் கைமாறும் கல்வியாக இருந்தன. அதே வீட்டில்தான், மகளின் எதிர்காலம் அவள் அறியாப் பருவத்திலேயே பொட்டுக்கட்டுச் சடங்கால் முடிவு செய்யப்பட்டது. அவளுடைய உடலின்மீது செல்வர்களின் உரிமை நிலைநாட்டப்பட்டதும் அவ்வீட்டின் வழியேதான். குடும்பத்தின் காப்பும் குடும்பத்தால் வரும் ஆபத்தும் இங்கு ஒன்றோடொன்று பின்னியிருந்தன.

இதனாலேயே 1927ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தேவதாசிச் சங்கங்கள் எதிர்த்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற புகழ்பெற்ற கலைஞர்கள் அவ்வெதிர்ப்பில் பங்கேற்றனர். தங்களையும் பாலியல் தொழில் செய்வோரையும் ஒன்றாகக் கருதுவதை அவர்கள் மறுத்தனர். தங்கள் சொத்துரிமையையும் கலை மரபையும் சுட்டிக்காட்டினர். மறுபுறம், அதே சமூகப் பின்னணியில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இம்முறையை ஒழிக்கக் கடுமையாகப் போராடினார். 1936இல் வெளிவந்த அவரது ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல் இம்முறையை உள்ளிருந்து அம்பலப்படுத்தியது. ஆகவே சமூகத்திற்கு உள்ளே ஒரு குரல், வெளியே ஒரு குரல் என்று இவ்விவாதத்தைப் பிரிக்க இயலாது. உள்ளேயே இரு குரல்கள் இருந்தன.

இவ்விரண்டு குரல்களும் வயதுவந்த பெண்களின் குரல்கள். சிறுமியின் விருப்பத்தை அறிய நமக்குள்ள வலுவான சான்று ஒரு செயலே: சிலர் வீட்டைவிட்டு வெளியேறி வந்தனர். வெளியேறிய பின் எங்கும் ஏற்கப்படாதிருந்தால் அவர்கள் மீண்டும் அதே வீட்டிற்கே திரும்ப நேர்ந்திருக்கும். மறுப்பதற்கான உரிமை, மறுத்தபின் செல்ல ஓர் இடம் இருந்தால்தான் உரிமையாகும். அவ்விடத்தை உருவாக்கியதே அவ்வை இல்லத்தின் அடிப்படைப் பங்களிப்பு என இக்கட்டுரை கருதுகிறது.

ஆயினும் இவ்வமைப்பில் தாய்க்கு இடமில்லை. சீர்திருத்தவாதிகளின் மொழியில் தாய்வீடு குழந்தையைப் பிரித்தெடுக்க வேண்டிய ஆபத்தான சூழலாகவே அமைந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையும் அதுவே. கோயில் பணி நீங்கி வருவாய் இழந்த தாய், தன் மகளைத் தன்னுடனேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்புவதற்கு என்ன உதவி தேவை என்னும் வினா அன்றைய விவாதங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. நில உரிமையைக் காத்த 1929ஆம் ஆண்டுத் திருத்தம் மட்டுமே அவ்வினாவுக்கு ஓரளவு விடையளித்தது. குடும்பம் முழுவதையும் ஓர் அலகாகக் கருதிய நடவடிக்கை என்ற வகையில் அத்திருத்தம் இதுவரை பெற்றதைவிடக் கூடுதலான கவனத்துக்கு உரியது.

8. சமகால அமைப்புகள்: ஓர் ஒப்பீடு

அவ்வை இல்லம் தனித்து நின்ற முயற்சி அன்று. 1923இல் ஆயர் வாலரின் துணைவியாரால் சென்னையில் தொடங்கப்பட்ட ‘கில்ட் ஆஃப் சர்வீஸ்’ பெண் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்தது. பின்னர் மேரி கிளப்வாலா ஜாதவ் அதனை வழிநடத்தி, குழந்தைகளுக்கான இல்லங்கள் பலவற்றை உள்ளடக்கிய அமைப்பாக வளர்த்தார். 1937இல் துர்காபாய் சென்னையில் தொடங்கிய ஆந்திர மகிள சபை பெண்கல்வியையும் தொழிற்பயிற்சியையும் முன்னெடுத்தது. 1949இல் காமராசரின் ஆதரவுடன் மஞ்சுபாஷிணி தொடங்கிய பால மந்திர், தியாகராய நகரில் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லமாக நிலைபெற்றது.

இவ்வமைப்புகளைத் தொடங்கியோரும் நடத்தியோரும் பெரும்பாலும் கல்வியும் செல்வாக்கும் பெற்ற பெண்கள். அவர்களது தனிப்பட்ட உறவுகளும் நன்கொடையாளர் தொடர்புகளும் நிறுவனத்தின் மூலதனமாயின. இம்முறையின் வலிமை விரைவு. அதன் நலிவு, ஒரு தலைவரின் ஆளுமையை மிகுதியும் சார்ந்திருத்தல். 1952இல் ‘கில்ட் ஆஃப் சர்வீஸ்’ அமைப்பின் பங்களிப்புடன் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டமை, இப்பணி அறச்செயல் என்னும் நிலையிலிருந்து பயிற்சி வேண்டும் தொழில் என்னும் நிலைக்கு நகர்ந்ததைக் காட்டுகிறது. 1953இல் துர்காபாய் தேஷ்முக்கின் தலைமையில் அமைந்த மத்திய சமூகநல வாரியம், தன்னார்வ அமைப்புகளுக்கு அரசு நிதி செல்லும் முறையை ஒழுங்குபடுத்தியது.

9. விடுதலைக்குப் பின்

நிதி வந்தபோது மேற்பார்வையும் வந்தது. 1956ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் நிறுவன உரிமச் சட்டமும், 1960ஆம் ஆண்டின் அனாதை இல்லங்கள், அற இல்லங்கள் மேற்பார்வைச் சட்டமும் இல்லங்களை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. நல்லெண்ணம் மட்டுமே குழந்தைக்குப் பாதுகாப்பாகாது, இல்லமும் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கொள்கை இதனால் உறுதிப்பட்டது. 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட இளஞ்சிறார் நீதிச் சட்டங்கள் இதனை மேலும் விரித்தன. குற்றம் சாட்டப்பட்ட சிறாரையும் காப்பு தேவைப்படும் குழந்தையையும் வெவ்வேறு அமைப்புகளின் முன் நிறுத்தும் முறை நிலைபெற்றது. 1850 முதல் கலந்து கிடந்த இரு வகைமைகள் இவ்வாறு சட்டத்தில் பிரிந்தன.

2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கொள்கையையும் முன்வைக்கிறது. குழந்தையை வளர்க்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது. இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும். இதற்காக நிதி ஆதரவு, வளர்ப்புக் குடும்பம் போன்ற முறைகளை அது வகுக்கிறது. இன்று குழந்தைகள் இல்லங்களில் வாழ்வோர் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். வறுமையே அவர்களைப் பிரித்து வைக்கிறது. எனவே 1930இல் பின்தங்கிய வினா, அதாவது மகளைத் தன்னுடன் வைத்துக்கொள்ளத் தாய்க்கு எவ்வுதவி தேவை என்னும் வினா, இன்று குழந்தைநலக் கொள்கையின் மையத்துக்கு வந்துள்ளது.

இக்கொள்கையைக் கொண்டு கடந்தகால இல்லங்களை எளிதில் குறைகூறிவிட முடியாது. வீடே ஆபத்தாக இருக்கும் குழந்தை இன்றும் உண்டு. குடும்பத்தை வலுப்படுத்துதல் என்னும் கொள்கை அக்குழந்தையை மீண்டும் அவ்வீட்டிற்கே அனுப்பும் கருவியாகிவிடலாகாது. அவ்வை இல்லத்தின் தொடக்க நிகழ்வு நினைவூட்டுவது இதனையே.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சென்னை மாகாணத்தில் 1920க்கு முன்னும் பின்னும் ஆதரவற்ற குழந்தைக்கு நீதிமன்றம், மத நிறுவனம், சாதி விடுதி என்னும் மூன்று வாயில்கள் முதன்மையாக இருந்தன. இம்மூன்றும் அடைக்கலத்திற்கு ஒரு நிபந்தனையை விதித்தன.

2. தேவதாசிக் குடும்பச் சிறுமி இம்மூன்று நிபந்தனைகளாலும் விலக்கப்பட்டாள். 1927, 1929ஆம் ஆண்டு நடவடிக்கைகள் அவளுக்கு மறுக்கும் நியாயத்தைத் தந்தன. செல்லும் இடத்தைத் தரவில்லை. அவ்வை இல்லம் அவ்விடத்தை அளித்தது.

3. பலவகைச் சூழலிலிருந்து வந்தோரை ஒன்றாக ஏற்றதும், ஊதியம் தரும் தொழிலைக் கல்வியின் இலக்காக வைத்ததும் அவ்வில்லத்தின் நிறுவனச் சிறப்புகள்.

4. அவ்வில்லம் உள்ளிட்ட அக்கால அமைப்புகள் குழந்தையை ஏற்ற அளவுக்குத் தாயை ஏற்கவில்லை. 1929ஆம் ஆண்டு நிலத் திருத்தத்தை இக்கோணத்தில் மீண்டும் ஆராய்வது, குழந்தைநல வரலாற்றையும் பெண்களின் சொத்துரிமை வரலாற்றையும் இணைத்துக் காண உதவும்.

குழந்தைநல நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைத் தொடங்கியவர்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. யார் சேர்க்கப்பட்டனர், எந்நிபந்தனையில் சேர்க்கப்பட்டனர், யார் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்னும் வினாக்களிலிருந்து அதனை எழுதத் தொடங்கினால், அடைக்கலம் நாடி வந்த சிறுமியும் அவள் விட்டுவந்த தாயும் அவ்வரலாற்றுக்குள் இடம்பெறுவர்.